தூது போன சங்குவளை

மரமும் கொடியும் பறவையும் விலங்கும் மனிதரோடு மனிதராகப் பேசித் திரிந்த காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்தில் தூதுவளைக் கொடிக்கு முள்ளே கிடையாது. தண்டு கீரைத்தண்டு போல வழவழவென்று இருக்கும். இலையைத் தடவினால் கன்றுக்குட்டியின் காதைத் தடவுவது போலிருக்கும். தூதுவளை என்ற பெயரும் அப்போது அதற்கு இல்லை. காட்டில் எல்லோரும் அதை 'அந்தக் கொடி' என்றுதான் சொன்னார்கள். ஏனென்றால் எல்லோருக்கும் அது தீனி. முயல் தின்னும், மான் தின்னும், அணில் தின்னும். பெயர் வைத்துக் கூப்பிட்டுவிட்டா தின்பார்கள்?

அதே காலத்தில் கடற்கரையில் சிப்பிப்பாக்கம் என்று ஓர் ஊர் இருந்தது. ஊர் முழுக்கச் சங்கறுப்பவர்கள். ஆண்கள் கடலில் மூழ்கிச் சங்கு எடுத்து வருவார்கள். சதையை எடுத்துவிட்டு, பிறை போல வளைந்த பெரிய வாளால் சங்கை வளையம் வளையமாக அறுப்பார்கள். பெண்கள் அவற்றைக் கல்லில் தேய்த்து வளையாக்குவார்கள். அறுக்கும்போது வெள்ளைத் தூள் புகை போலக் கிளம்பும். அது கூரையில் படியும், புருவத்தில் படியும், சோற்றுப் பானையில் படியும். நெஞ்சுக்குள்ளும் போய்ப் படியும். அதனால் அந்த ஊரில் இருமாத மனிதர் இல்லை. இருமல் அங்கே பேச்சின் ஒரு பகுதியாகவே ஆகியிருந்தது. "வாங்க" என்று சொல்லிவிட்டு இருமுவார்கள். "போயிட்டு வாரேன்" என்று சொல்லுமுன் இருமுவார்கள்.

அந்த ஊரில் சாத்தி என்று ஒரு பெண். அவள் கணவன் கொற்றன். ஊரிலேயே மெல்லிசாகச் சங்கறுக்கத் தெரிந்தவன் அவன்தான். கல்யாணத்துக்கு அவன் தன் கையாலேயே பதினான்கு வளைகள் அறுத்துச் சாத்தியின் கைக்கு ஏழு ஏழாகப் போட்டுவிட்டான். அவர்களோடு கொற்றனின் அக்கா வேம்பியும் இருந்தாள். வேம்பியின் கணவனைக் கடல் கொண்டுபோய்ப் பல வருடம் ஆகிவிட்டது. அன்று உடைத்த வளைக்குப் பிறகு அவள் கை வெறுங்கைதான். ஆனாலும் மற்றவர்கள் போடுகிற வளையை நாள் முழுதும் அவள்தான் தேய்த்துக் கொடுப்பாள்.

அந்த வருடம் மார்கழிப் பனி மிகவும் கடுமையாக இறங்கியது. தூளும் பனியும் சேர்ந்து ஊரைப் படுக்கையில் தள்ளிவிட்டன. கொற்றன் வாளைக் கீழே வைத்தவன் மறுபடி எடுக்கவில்லை. மூச்சு இழுக்கும்போது அவன் நெஞ்சுக்குள் ஈர மணலை யாரோ வாருவது போலச் சத்தம் கேட்டது. சுக்குக் கொடுத்தார்கள், மிளகு கொடுத்தார்கள், ஒற்றடம் கொடுத்தார்கள். ஒன்றும் கேட்கவில்லை.

சாத்தியின் வீட்டு வேலிக்கு ஒரு செம்போத்து வருவது வழக்கம். சங்கிலிருந்து எடுத்துப் போடும் சதைக்காக வரும். செம்மண் நிறச் சிறகும் சிவந்த கண்ணுமாக, பறப்பதற்குச் சோம்பல்பட்டு நடந்தே வரும் பறவை அது. அன்று சாத்தி வேலியோரம் உட்கார்ந்து அழுவதைப் பார்த்து அருகே வந்தது.

"ஏன் சாத்தி, இன்னிக்குத் தீனி இல்லையா?"

"அறுக்க ஆளில்லாம ஊரே கிடக்கு. உனக்குத் தீனிக்கு எங்க போறது?"

செம்போத்து தலையைச் சாய்த்து உள்ளே கேட்ட இருமலைக் கவனித்தது. "இந்தச் சத்தம் எனக்குத் தெரியும். போன பனிக்கு எனக்கும் இப்படித்தான் தொண்டை கட்டிக் குரலே போச்சு. மேற்கே ரெண்டு நாள் நடந்தா ஒரு பாறைக் கரடு இருக்கு. அதோட அடிவாரத்துல ஒரு கொடி. அதோட செவந்த பழத்தை நாலு நாள் தின்னேன். இப்பக் கேளு என் குரலை." அது "ஊப், ஊப், ஊப்" என்று கூவியது. பானைக்குள்ளிருந்து கூவுவது போல அந்தக் குரல் ஆழமாக ஒலித்தது.

சாத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எனக்குக் கொஞ்சம் கொண்டு வந்து தருவியா? இவரை இப்படி விட்டுட்டு என்னால நகர முடியாது."

"கேட்டுப் பாக்குறேன். ஆனா அது யாரையும் நம்பாது. வர்றவன் எல்லாம் தின்னுட்டுத்தானே போறான்! மனுசங்க கேக்குறாங்கன்னு நான் வாயால சொன்னா சிரிக்கும். உன் ஊரு அடையாளமா ஏதாவது கொடு."

சாத்தி வேறெதையும் யோசிக்கவில்லை. வலது கையிலிருந்து ஒரு வளையைக் கழற்றினாள்.

அதைப் பார்த்த வேம்பி வாசலிலேயே நின்றுவிட்டாள். "என்னடி பண்றே! தாலி கட்டினவன் மூச்சுக்குத் தவிக்கையில வளையைக் கழட்டலாமா?"

"தூதுக்குத்தான் மதினி அனுப்புறேன். திரும்பி வந்துரும்."

செம்போத்து வளையை அலகில் கவ்விக்கொண்டு மேற்கே போனது.

போன பறவை ஐந்தாம் நாள்தான் திரும்பியது. அலகில் இரண்டே இரண்டு இலை. வளை இல்லை. வேலியில் உட்காராமல் தரையில் இறங்கி, கால் விரலைப் பார்த்துக்கொண்டு நின்றது.

"சாத்தி, கோவிச்சுக்காதே. எனக்குப் பறக்கத் தெரிஞ்ச அழகு உனக்குத் தெரியும். கரட்டுக்கிட்டப் போய் இறங்கும்போது வளை வாயிலேருந்து நழுவிப் பாறையில விழுந்து உடைஞ்சு போச்சு."

வேம்பி தலையில் அடித்துக்கொண்டாள். "போச்சா! உடைஞ்சு போச்சா! நான் வளை உடைச்ச நாள் எனக்குல்ல தெரியும். என் தம்பிக்கு இனிமே..." சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள்.

சாத்தி அந்த இரண்டு இலைகளையும் எடுத்து நசுக்கி, தேனில் குழைத்துக் கொற்றனின் நாக்கில் தடவினாள். கொஞ்ச நேரத்தில் கட்டிக் கிடந்த கபம் அவிழ்ந்து வெளியே வந்தது. பத்து நாளாகத் தூங்காதவன் அன்று நடுப்பகல் வரைக்கும் அசையாமல் தூங்கினான். விழித்ததும் கஞ்சி கேட்டான். சாயங்காலம் இருமல் மறுபடி வந்துவிட்டது. ஆனால் அந்த அரைநாளைச் சாத்தி கண்ணால் பார்த்துவிட்டாள்.

அவள் செம்போத்திடம் ஓடினாள். "ரெண்டு இலைக்கே இப்படின்னா! ஏன் ரெண்டோட வந்தே?"

"அதுக்கு மேல இல்லையே. நான் போய்ச் சேந்த அன்னிக்குத்தான் கலைமான் கூட்டம் வந்து மேஞ்சது. அடியிலேருந்து நுனி வரைக்கும் கடிச்சுத் தின்னுட்டாங்க. ஒரு முழம்தான் மிச்சம். அதுவும் உன் வளை உடைஞ்சு, துண்டு குத்திக்கிட்டு நின்ன இடம். கலைமான் அங்க வாயை வச்சுது, உதடு கிழிஞ்சுது, விட்டுட்டுப் போயிருச்சு. துளிர் விட்டதும் மறுபடி வருவோம்னு சொல்லிட்டுத்தான் போயிருக்காங்க."

சாத்தி உள்ளே போய்ச் சுரைக்குடுவையில் தண்ணீர் நிரப்பினாள். அவல் கொஞ்சம் முடிந்துகொண்டாள்.

வேம்பி குறுக்கே வந்து நின்றாள். "எங்க கிளம்புற? அபசகுனம் நடந்த வீட்டை விட்டுப் பொண்டாட்டி வெளிய போவாளா? அவன் பக்கத்துல இரு. கடைசியா..."

"வளை உடைஞ்ச இடத்துலதான் மதினி கொடி பொழைச்சு நிக்குது," என்றாள் சாத்தி. "அது எப்படி அபசகுனமாகும்? நாலு நாளைக்கு உங்க தம்பியைப் பாத்துக்கங்க. நான் வர்ற வரைக்கும் அவர்கிட்டப் பேச்சுக் கொடுத்துக்கிட்டே இருங்க."

வேம்பி வழிவிடவில்லை. சாத்தி அவளைத் தொட்டு மெல்ல விலக்கிவிட்டுத்தான் போனாள்.

இரண்டு நாள் நடை. தாழம்புதர் முடிந்து உப்பளம், உப்பளம் முடிந்து பனங்காடு, பனங்காடு முடிந்து உடைமரக் காடு. செம்போத்து கொஞ்சம் நடக்கும், கொஞ்சம் பறக்கும், கொஞ்சம் அவள் தோளில் உட்கார்ந்து வரும். இரண்டாம் நாள் உச்சிவெயிலில் கரடு தெரிந்தது.

பாறை இடுக்கில் ஒரு முழக் கொடி. அதன் நுனியில் நாலைந்து புதுத் துளிர். சாத்தியின் வளைத் துண்டு இரண்டு அதன் தண்டில் வளைந்த நகம் போலப் பதிந்திருந்தன.

கொடி நடுங்கிக்கொண்டே கேட்டது: "நீயும் தின்ன வந்தியா?"

"வளை அனுப்பினவ நான்தான். என் ஊரே மூச்சுக்குத் திணறிக்கிட்டுக் கிடக்கு. உன் இலை வேணும். உன்னையும் கூட்டிட்டுப் போகணும்."

"வந்து என்ன செய்ய? எனக்குப் பல்லு இல்லை, கொம்பு இல்லை, ஓடக் காலும் இல்லை. எங்க வச்சாலும் தின்னுருவாங்க. உன் ஊருல ஆடு மாடு இல்லையா?" என்று கேட்டுவிட்டுக் கொடி சட்டென்று சுருங்கியது. "வந்துட்டாங்க."

உடைமரங்களுக்கு நடுவே முறுக்கிய கொம்புகள் தெரிந்தன. கலைமான் கூட்டம் வந்துகொண்டிருந்தது. முன்னால் வந்த ஆண்மானின் உதட்டில் காய்ந்த காயம். அது சாத்தியைப் பார்த்து நின்றது.

"வழி விடு பொண்ணே. இந்தக் காட்டுல மேயறது எங்க வேலை."

"இது ஒண்ணை மட்டும் விட்டுருங்க. சுத்தி இவ்வளவு புல்லு கிடக்கே."

"புல்லு எப்பவும் கிடக்கும். இது மெத்துன்னு இருக்கு, அதான் திங்கறோம். அந்த ரெண்டு கூரு மட்டும் தொந்தரவு. அதை விலக்கிட்டு மத்ததைக் கடிச்சுக்குவோம்." ஆண்மான் சாவகாசமாகச் சொல்லிவிட்டு, பின்னால் வரும் மான்களுக்காகக் காத்து நின்றது.

சாத்தி தன் கைகளைப் பார்த்தாள். வலது கையில் ஆறு, இடது கையில் ஏழு. கொற்றன் மூச்சைப் பிடித்துக்கொண்டு, விரல் நடுங்காமல் அறுத்த வளைகள். கணவன் உயிரோடு இருக்கும்போது வளையை உடைத்தவள் என்று சிப்பிப்பாக்கத்தில் ஒருத்தியும் கிடையாது. வேம்பியின் முகம் கண்முன் வந்தது. உடைத்தால் நடக்கக்கூடாதது அங்கே நடந்துவிடுமோ என்று பயந்தாள். ஆனால் உடைக்காவிட்டால் நடப்பது என்ன என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியும்.

வலது கையை ஓங்கிப் பாறையில் அடித்தாள்.

சங்கு நொறுங்கிய சத்தத்தில் மான்கள் இரண்டடி பின்வாங்கின. சாத்தி துண்டுகளை அள்ளினாள். ஒவ்வொன்றும் பிறைத்துணுக்காக வளைந்து, நுனி கூராக இருந்தது. ஒன்றை எடுத்துக் கொடியின் தண்டில் வைத்து அழுத்தினாள். கொடி துடித்தது.

"வலிக்குதா?"

"வலிக்குது. நிறுத்தாதே, குத்து."

அவள் அடியிலிருந்து நுனிவரை குத்திக்கொண்டே போனாள். விரல்களில் ரத்தம் வந்தது. துண்டு தீர்ந்ததும் இடது கையை அடித்தாள். ஆறு வளை உடைந்தது. ஒன்று மட்டும் தப்பி மணிக்கட்டில் நின்றது. அது கல்யாணப் பந்தலில் கொற்றன் முதலில் போட்ட வளை. சாத்தி அதைப் பிடித்துக்கொண்டு ஒரு கணம் தயங்கினாள்.

கொடி சொன்னது: "தண்டு சரியாச்சு. இலை இன்னும் வெறுமையாத்தான் இருக்கு. இலையைத் தின்னுட்டா தண்டு இருந்து என்ன?"

சாத்தி கண்ணை மூடிக்கொண்டு கடைசி வளையையும் உடைத்தாள். அதன் பொடித் துணுக்குகளை ஒவ்வொரு இலையின் நரம்பிலும் மேலும் கீழுமாகப் பதித்தாள். பிறகு எழுந்து விலகி நின்றாள். "இப்ப மேஞ்சுக்கங்க," என்றாள் மானிடம்.

ஆண்மான் வாயை வைத்தது. "அம்மா!" என்று கத்திக்கொண்டு தலையை உதறியது. பக்கவாட்டில் வந்து இலையைக் கவ்விப் பார்த்தது. நாக்கில் குத்தியது. இரண்டாவது மான் வந்தது, மூன்றாவது வந்தது. ஒவ்வொன்றும் மூக்கைச் சுளித்துக்கொண்டு திரும்பியது. "வாங்க, வாங்க, இது இனிமே நம்ம தீனி இல்லை," என்று ஆண்மான் கூட்டத்தைத் திருப்பிக்கொண்டு போனது.

கொடி முதன்முறையாக நிமிர்ந்து நின்றது. காற்றில் ஆடிப் பார்த்தது. "சாத்தி, உன் வளை என் உடம்புக்குள்ள ஊறிப் போச்சு. இனி நான் எங்க முளைச்சாலும் இதோடதான் முளைப்பேன். என்னை ஒரு சாண் வெட்டி எடுத்துக்க. உன் வேலியில ஊனு. கையில குத்தினாலும் பரவாயில்லைன்னு பறிக்கிறவங்களுக்கு என் இலை மருந்து. தூது வந்த பறவைக்கு மட்டும் என் பழத்துல முள்ளே இருக்காது."

"ஊப், ஊப்," என்று செம்போத்து தன் பங்கை அப்போதே உறுதிசெய்துகொண்டது.

நாலாம் நாள் காலை சாத்தி வெட்டியெடுத்த கொடியோடு ஊர் எல்லைக்கு வந்தாள். கரையில் வலை காயவைத்துக்கொண்டிருந்த பெண்கள் அவளைப் பார்த்தார்கள். அவள் முகத்தை அல்ல, கைகளைத்தான் முதலில் பார்த்தார்கள். இரண்டு கையும் வெறுமை. விரலெல்லாம் ரத்தக் கீறல். "ஐயோ சாத்தி! கொற்றன் போயிட்டானா!" என்று ஒருத்தி மாரில் அடித்துக்கொண்டு அலறினாள். அதைக் கேட்டு அடுத்தவள் அலறினாள். ஒப்பாரி தெருத்தெருவாக ஓடியது.

அந்த ஒப்பாரி சாத்தியின் காதில் விழுந்தது. அவள் வேறுவிதமாகப் புரிந்துகொண்டாள். 'நான் உடைச்ச நேரத்துலேயே போயிட்டாரா!' கொடியை மட்டும் விடாமல் மார்போடு பிடித்துக்கொண்டு ஓடினாள். முள் மாரில் குத்தியதுகூடத் தெரியவில்லை.

வாசலில் வேம்பி நின்றிருந்தாள்.

"மதினி... அவரு?"

"இருக்கான்டி! மூச்சு நூலாத்தான் ஓடுது, ஆனா ஓடுது. யாரு செத்தான்னு ஊரே கத்துது?" என்று கேட்ட வேம்பி, அப்போதுதான் சாத்தியின் கைகளைப் பார்த்தாள். அடிக்க ஓங்குவது போல அவள் கை எழுந்தது. பிறகு அந்தக் கீறல்களைப் பார்த்தாள், கொடியைப் பார்த்தாள். ஓங்கிய கையாலேயே கொடியை வாங்கிக்கொண்டாள். "உள்ள போ. அவன்கிட்ட முகத்தைக் காட்டு. நான் அடுப்பை மூட்டுறேன்."

கொடியை வேலியில் ஊன்றினார்கள். இலையை வேம்பிதான் பறித்தாள், முள் குத்தக் குத்தப் பறித்தாள். முள்ளை ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்துவிட்டு, மிளகும் சுக்கும் தட்டிப் போட்டுக் கஷாயம் காய்ச்சினாள். சாத்தி கணவனைத் தோளில் சாய்த்துக்கொண்டு மடக்கு மடக்காகக் கொடுத்தாள்.

முதல் நாள் கபம் இளகியது. மூன்றாம் நாள் கொற்றன் சுவரைப் பிடித்து எழுந்து உட்கார்ந்தான். அன்றுதான் மனைவியின் கைகளைப் பார்த்தான். வேம்பி எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். அந்தக் கைகளை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டான். ஏழாம் நாள் காலை, மூலையில் அறுபடாமல் கிடந்த ஒரு பெரிய சங்கைத் தூக்கினான். அதன் மூக்கை வாளால் சீவினான். வாசலுக்கு வந்து, கடலைப் பார்த்து நின்று, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தான்.

சாத்தி தன் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். இந்த இடத்தில்தான் எப்போதும் இருமல் வரும். வரவில்லை.

கொற்றன் ஊதினான். சங்கின் முழக்கம் கூரைகளின் மேல் ஏறி, படகுகளைத் தாண்டி, அலைக்கு மேலே போனது. முடிந்துவிட்டது என்று நினைத்தால் இன்னும் நீண்டது. படுத்துக் கிடந்தவர்கள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். ஒப்பாரி வைத்த பெண்களே குலவையிட்டார்கள். "அது என்ன இலை? எங்க வீட்டுக்கும் கொடு," என்று பானையோடு வந்தார்கள். கொடியோ கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தும் குறையாமல், ஒரு வேலியிலிருந்து அடுத்த வேலிக்கு ஏறிக்கொண்டே போனது. தை பிறப்பதற்குள் சிப்பிப்பாக்கத்தில் எல்லா வீட்டிலும் வாள் சத்தம் மறுபடி கேட்டது. கொற்றன் முதலில் அறுத்த சங்குகளிலிருந்து சாத்திக்குப் பதினான்கு வளை வந்தது. வேம்பியே தேய்த்து, வேம்பியே போட்டுவிட்டாள்.

பானையோடு வந்தவர்கள் கொடிக்குப் பெயர் என்ன என்று கேட்டார்கள். சாத்திக்குத் தெரியவில்லை. வேம்பிதான் பதில் சொன்னாள்: "தூது போன எங்க வீட்டு வளைதான் இப்படி முளைச்சிருக்கு. தூதுவளைன்னு சொல்லுங்க."

தூதுவளையின் தண்டிலும் இலை நரம்பிலும் உடைந்த வளைத்துண்டு போல வளைந்த முள் ஏறியது அப்படித்தான். மான் தின்ற கொடி மனிதரின் வேலிக்கு வந்ததும், அதன் பழம் மட்டும் முள்ளில்லாமல் பறவைக்குச் சிவந்து பழுப்பதும், தொண்டை கட்டினால் நம் வீட்டுப் பெண்கள் கை கீறினாலும் பறித்துவந்து, முள்ளைக் கிள்ளிவிட்டு ரசமும் துவையலும் வைப்பதும் அந்த மார்கழியில் தொடங்கிய வழக்கங்கள்தான்.